தாப்பிர் தின்ற மிளகு

சாணத்தைக் குச்சியால் பிளந்து பார்ப்பது தேன்மொழியின் வேலைகளில் ஒன்று. மிருகம் இலை தின்றதா, பழம் தின்றதா, தின்றது எந்தப் பழம் என்று பார்த்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். அக்டோபர் மாதத்தில் ஒரு காலை, ஜொகூர் மாநிலத்தில் பாலோவுக்குப் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், அம்மன் கோயில் ஓடைக்கரையில் குந்திக்கொண்டு, இடது காலில் இரண்டு அட்டைகள் ஏறுவதைக்கூடக் கவனிக்காமல் அவள் தாப்பிர் என்னும் காட்டு மிருகத்தின் சாணத்தைப் பிளந்தாள். உள்ளேயிருந்து மிளகு உதிர்ந்தது.

மிளகு மாதிரி ஏதோ காட்டு விதை என்றுதான் முதலில் நினைத்தாள். ஒன்றை எடுத்துக் கழுவி, நகத்தால் கிள்ளி முகர்ந்தாள். மிளகேதான். கடையில் பொட்டலமாக விற்கும் மிளகு. எண்ணிப் பார்த்தாள், பதினான்கு இருந்தன.

“மதி! இங்க வா!” என்று கத்தினாள்.

அலுவலக வண்டியை ஓட்டும் மதிவாணன் வண்டியை விட்டு இறங்கும் வழக்கம் இல்லாதவன். அட்டைக்குப் பயம். கண்ணாடியைப் பாதி இறக்கி, “என்னாக்கா?” என்றான்.

“சாணத்துல மிளகு.”

“ரசம் வெச்சு குடிச்சிருக்கும் லா,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

தேன்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் குந்தியிருந்த இடத்திலிருந்து இருபது அடி தள்ளி அம்மன் கோயில். கோயில் வாசலில், வேண்டிக்கொண்டவர்கள் உப்பும் மிளகும் கொட்டும் கல்தொட்டி. தொட்டி நிரம்பி வழிந்து, உப்பு ஓடைக்கரைச் சேற்றில் இறங்கியிருந்தது. அந்தச் சேற்றை நக்கத்தான் தாப்பிர்கள் வருகின்றன. பத்து மாதமாக அவள் நடந்தது, வரைந்தது, எண்ணியது எல்லாம் அந்தத் தொட்டிக்குள் போய்விட்டது. அறிக்கை போக இன்னும் இரண்டே வாரம்.

தேன்மொழி அதே தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, தம்போயில் ஒரு நில அளவை அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். வரைபடத்துக்குள் அவள் நுழைந்தது ஆசையால் அல்ல, எரிச்சலால். ஒரு நாள் தட்டச்சுக்கு வந்த தாள்கட்டில் அவள் தோட்டத்தின் வரைபடம் இருந்தது. தோட்டத்து ஜனங்கள் பாயா என்று சொல்லும் சதுப்பின் மேல் ‘காலி நிலம்’ என்று எழுதியிருந்தார்கள். விராலும் கெளுத்தியும் ஆமையும் நீர்நாயும் அங்கே இருப்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். போய்ச் சொன்னாள். “தெரிஞ்சவ நீயே வரை,” என்றார் முதலாளி, நக்கலாக. வரைந்தாள். இருபத்திரண்டு வருடமாக வரைந்துகொண்டிருக்கிறாள்.

அந்த அலுவலகம் மூடியதும் டாக்டர் ஆப்ரினிடம் வந்து சேர்ந்தாள். ஆப்ரினுக்கு முப்பத்து மூன்று வயது. காட்டு மிருகங்கள் எங்கே வாழ்கின்றன, எந்த வழியாகப் போய் வருகின்றன என்று ஆராய்ந்து வரைபடம் போட்டுத் தரும் சின்ன நிறுவனத்தின் முதலாளியம்மா. படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் காட்டில் மூன்று முறை சுற்றினால் வடக்கு தெரியாது. அதனால் நடப்பது தேன்மொழி, எழுதுவது ஆப்ரின் என்று ஆகிவிட்டது. தேன்மொழியின் கணவன் ஹேமநாதன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். விடிவதற்குள் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவான். “உங்க ரெண்டு பேருக்கும் வீடு எதுக்கு?” என்று மகள் லோஷினி கேட்பாள். கேள்வி நியாயம்தான். அதனாலேயே தேன்மொழிக்குக் கோபம் வரும்.

தோட்டத்தில் இப்போது இருப்பது அவள் அக்கா செல்வராணி. தங்கையைவிட ஒன்பது வயது மூத்தவள். ஓடைக்கரை அம்மன் கோயிலைக் கூட்டி, விளக்கேற்றிப் பார்த்துக்கொள்பவள். அக்காவின் குணத்தைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். நான்காம் வகுப்பில் தோட்டத்தை வரைந்து வரச் சொன்னார் வாத்தியார். தேன்மொழி பென்சிலால் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்துவிட்டுத் தூங்கினாள். காலையில் எழுந்து பார்த்தால், உதவி செய்கிறேன் என்று அக்கா படம் முழுக்க வண்ணம் தீட்டியிருந்தாள். ஓடை சிவப்பாக இருந்தது. இல்லாத மயில் இரண்டு நின்றன. பாயாவின் நடுவில் கையெடுத்துக் கும்பிட்டபடி அக்காவே நின்றாள். பள்ளிக்கூடத்தில் தேன்மொழி வாங்கிய திட்டு இன்றைக்கும் அவளுக்கு மறக்கவில்லை. அக்காவுக்கோ அந்தப் படம் இன்றைக்கும் பெருமை.

இனி விஷயத்துக்கு வருவோம். தோட்டத்துக்கு வடக்கே ஒரு காடு, தெற்கே ஒரு காடு. நடுவில் இருக்கும் செம்பனையை வெட்டிவிட்டுத் தொழிற்பேட்டை கட்டப்போகிறது கம்பெனி. இரண்டு காட்டையும் இணைக்க ஒரே ஒரு பட்டை நிலத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்று அனுமதி கொடுக்கும் குழு சொல்லிவிட்டது. எந்தப் பட்டை என்பதை வரைபடம் சொல்ல வேண்டும். இருப்பது இரண்டே வழி. ஒன்று பாயா. அது தெற்கே போய்ச் சாலையைத் தொடும் இடத்தில் பாலம் இருக்கிறது. மிருகங்கள் அடியிலேயே நடந்து போய்விடலாம். இன்னொன்று கோயில் ஓடை. அது சாலையைத் தொடும் இடத்தில் ஒரு குருட்டு வளைவு. பாலமும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்தப் பட்டை வரைபடத்தில் ஏறுகிறதோ அது பிழைக்கும். மற்றது மண் போட்டு மூடப்படும்.

ஜனவரியில் இரண்டு வழியிலும் தேன்மொழி கேமரா கட்டினாள். முன்னால் எது அசைந்தாலும் தானாகப் படம் பிடிக்கும் பெட்டிகள். முதல் நான்கு மாதத்தில் பாயாவில் ஐந்து முறை தாப்பிர் வந்தது. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளைப் போர்வை, யானையிடம் இரவல் வாங்கிய மாதிரி ஒரு குட்டி மூக்கு. கோயில் ஓடையில் ஒன்றுகூட இல்லை. மே மாதத்திலிருந்து எல்லாம் தலைகீழாகிவிட்டது. கோயில் ஓடையில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். தாப்பிர், சருகுமான், காட்டுப்பன்றி, ஒரு முறை யானைகூட. பாயாவில் பூஜ்யம்.

ஆப்ரின் துள்ளிக் குதித்தாள். சேற்றைச் சோதனைக்கு அனுப்பினாள்; உப்புச் சத்து எக்கச்சக்கம் என்று பதில் வந்தது. “அக்கா, இது இயற்கையான உப்பு மண்! மிருகங்க சத்துக்காக வந்து நக்குற இடம். ஜொகூர்ல இப்படி ஒன்னு நான் பார்த்ததே இல்ல!” என்று தேன்மொழியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கம்பெனிக்காரர்களுக்கும் சந்தோஷம். கோயில் ஓடை ஒடுக்கமானது. விட்டுக்கொடுக்க வேண்டிய நிலம் குறைவு.

உப்பு எப்படி வந்தது என்று கேட்டால், லோஷினியின் கையில் முளைத்த மருவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏப்ரலில் அவள் வலது கை முழுக்க மரு. மருத்துவர் சுட்டார், மறுபடி முளைத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையைத் தொட மறுத்தார்கள். “அம்மனுக்கு உப்பும் மிளகும் போடுடி. உப்பு கரையக் கரைய மரு கரையும்,” என்றாள் செல்வராணி. ஒரு தாயாகத் தேன்மொழி வேறென்ன செய்வாள்? மே மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை, வாரம் ஐந்து கிலோ கல்லுப்பு. ஜூனில் மரு உதிர்ந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. செல்வராணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? பாலோ சந்தையில் சொன்னாள். கல்யாண வீட்டில் சொன்னாள். குளுவாங்கிலிருந்து, மெர்சிங்கிலிருந்துகூட மருவோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கார் காராக உப்பு இறங்கியது.

இதெல்லாம் கேமராவில் விழுந்திருக்குமே என்று கேட்கலாம். விழுந்தது. ஆனால் யாரும் பார்க்கவில்லை. மிருகப் படம், மனிதர் படம், வெறும் படம் என்று கணினி மூன்று கோப்பாகப் பிரித்துவிடும். ஆரம்பத்தில் தோட்டத்து ஜனங்கள் கேமராவைப் பார்த்து மிரண்டார்கள். “எங்க படம் மனேஜர்கிட்ட போவுமா?” என்று கேட்டார்கள். “மனிதர் கோப்பை யாருமே திறக்க மாட்டோம். மாசம் முடிஞ்சா அழிச்சிருவோம்,” என்று தேன்மொழி அம்மன் முன்னால் நின்று சத்தியம் செய்துகொடுத்தாள். அப்படியே மாதா மாதம் திறக்காமல் அழித்தாள். அதில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு.

மிளகு உதிர்ந்த அன்று மதியம் தம்போய் அலுவலகத்துக்கு வந்து, அம்மனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அக்டோபர் மாத மனிதர் கோப்பைத் திறந்தாள். முந்நூற்று நாற்பது படங்கள். பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பை. ஒருவர் மூட்டையோடு வந்திருந்தார். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறிவில்லையா இந்த ஜனங்களுக்கு? ஒரு கைப்பிடி போட்டால் அம்மன் ஏற்றுக்கொள்ள மாட்டாளா? எல்லாம் இந்த அக்காவால் வந்த வினை. போனை எடுத்துக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும்.

நூற்றுப் பதினெட்டாவது படத்தில் கை நின்றது. ஆரஞ்சு நிறப் பணி அங்கி. முதுகில் நிறுவனத்தின் பெயர். கழுத்தில் இடம் காட்டும் கருவி. ஒரு கையில் அளவைப் படிவம், மறு கையில் கிழித்த உப்புப் பொட்டலம். தொட்டியில் உப்புக் கொட்டிக்கொண்டிருந்தது அவளேதான்.

மரு உதிர்ந்ததிலிருந்து, கேமராவில் படம் பதியும் அட்டையை மாற்றப் போகும்போதெல்லாம் நன்றிக்காக ஒரு கிலோ போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். இருபது அடி தள்ளி வந்து, மிருகம் ஏன் இவ்வளவு வருகிறது என்று யோசித்து, படிவம் எழுதுவாள். உப்பு போடுகிற தேன்மொழியும் உப்பு மண்ணை வரைகிற தேன்மொழியும் ஆறு மாதமாக ஒருவரை ஒருவர் சந்திக்கவே இல்லை.

அவள் அழுதது அதற்காக அல்ல. ஆகஸ்டில் கோயில் ஓடை முடியும் அந்தக் குருட்டு வளைவில் ஒரு தாப்பிர்க்குட்டி லாரியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. குட்டிக்கு உடம்பெல்லாம் தர்ப்பூசணி மாதிரி கோடும் புள்ளியுமாக இருக்கும். படம் எடுத்து, அளந்து, பதிவு செய்தது தேன்மொழிதான். பாலத்து வழியை விட்டுவிட்டு இந்தத் தாய் ஏன் இங்கே கடந்தது என்று அன்றைக்கு அவளுக்கு ஒரே ஆத்திரம். அந்தத் தாய் உப்புக்கு வந்திருக்கிறது. உப்பு போட்டது அவள்.

மறுநாள் ஆப்ரினின் மேசையில் மிளகை ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்தாள்.

“டாக்டர், அது இயற்கை உப்பு இல்ல. கடை உப்பு.”

ஆப்ரின் குப்பியைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “அலாமாக்… யாரு முதல்ல போட்டது?”

“நான்தான்.”

“நீங்களா?”

“நம்ம ஆபீஸ் அங்கிய போட்டுக்கிட்டு.”

ஆப்ரின் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். “அக்கா, இருநூத்துப் பன்னிரண்டு படம். இத தூக்கிட்டா என்ன மிச்சம்?”

“பாயாவுல அஞ்சு.”

“அஞ்ச வெச்சுக்கிட்டு குழு முன்னாடி என்ன பேசறது? வேண்டுதலையும் உப்பையும் சொன்னா கம்பெனிக்காரங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். கோயில் ஓடைய காட்டினோம்னா பாயாவ மூடிருவாங்க. தொழிற்பேட்டை வந்தா லயத்து வீடுங்களும் போயிரும், கோயிலையும் மாத்திருவாங்க, அப்புறம் உப்பு போட ஆளே இருக்காது. மிருகம் வழி தெரியாம அந்த வளைவுலயே நிக்கும். ஒரு குட்டி செத்தது போதும் டாக்டர்.”

ஆப்ரின் கோபக்காரிதான், ஆனால் பொய்க்காரி இல்லை. அதுதான் தேன்மொழிக்கு அவளிடம் பிடித்த ஒரே குணம். இரண்டு வாரம் கழித்து இருவரும் குழு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். தேன்மொழி இரண்டு வரைபடம் போட்டிருந்தாள். உப்புக்கு முன், உப்புக்குப் பின். எதிர்பார்த்தபடியே கம்பெனி அதிகாரி சிரித்தார். “ஆக, இவங்க வேலைக்காரங்களே உப்பு போட்டு மிருகத்த இழுத்திருக்காங்க. நாளைக்குப் பாயாவுல போட மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?” என்று மலாயில் கேட்டார். தேன்மொழிக்குக் காது சிவந்துவிட்டது. கேள்வி சரியானது.

குழு நான்கு மாதத் தவணை கொடுத்தது. எங்கேயும் உப்பு இருக்கக் கூடாது. மனிதர் படங்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதற்குள் பாயாவில் மிருகம் வந்தால் பாயா. வராவிட்டால் கோயில் ஓடை.

இனிமேல்தான் அசல் தொல்லை. செல்வராணியிடம் சொல்ல வேண்டுமே.

“சாமிக்கு உப்பு போடாதன்னு சொல்ல நீ யாருடி?” என்று செல்வராணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “ஒம் மவளுக்கு மரு போனதும் மத்தவங்களுக்குப் போவக்கூடாதா?”

“போடாதன்னு யார் சொன்னா? தொட்டியில போடாதன்னு சொல்றேன். மூடி போட்ட டிரம்முல போடு. வாரம் ஒரு தரம் டவுன் கோயிலுக்குக் கொண்டு போயிரலாம்.”

“டிரம்முல போட்டா உப்பு எப்படிடி கரையும்? உப்பு கரையலன்னா மரு எப்படிக் கரையும்?”

ஆப்ரினின் படிப்பிலும் இதற்குப் பதில் இல்லை. கடைசியில் மதிவாணன்தான், வண்டிக்குள் இருந்தபடியே, “டிரம்முல தண்ணி ஊத்தி வைங்க லா,” என்றான். செல்வராணி யோசித்தாள். தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம் கரையும் என்று அவளுக்குத் திருப்தி ஏற்பட்டது. தோட்டத்து ஜனங்கள் முன்னால் தேன்மொழி பழைய சத்தியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். இனி மனிதர் கோப்பைத் திறப்போம், யார் படத்தையும் அவரைக் கேட்காமல் வெளியே காட்ட மாட்டோம் என்று சொன்னாள். பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

நவம்பரில் மழை பிடித்து, ஓடைக்கரைச் சேற்றைக் கழுவிக்கொண்டு போனது. டிசம்பரில் பாயாவில் வெள்ளம். கேமராவில் தவளை, கொக்கு, மிதந்து போன ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜனவரியில் உடும்பு. தேன்மொழி மாதம் ஒரு முறை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி கேமரா அட்டையை மாற்றினாள். செல்வராணி ஒவ்வொரு முறையும், “வந்துச்சா?” என்று கேட்பாள். “வரல,” என்று தேன்மொழி எரிந்து விழுவாள். “பாவம்டி நீ,” என்பாள் அக்கா. அந்தப் பாவம் இவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது கடைசி அட்டையை எடுத்து வந்து கணினியில் போட்டாள். மிருகக் கோப்பில் பதினேழு படங்கள். பதினேழும் தாப்பிர். ஒன்றில் பின்னாலேயே ஒரு குட்டி, தர்ப்பூசணிக் கோடுகளோடு, தண்ணீரில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது. தேன்மொழி “டாக்டர்!” என்று கூப்பிட வாயைத் திறந்தாள். பிறகு, குழுவின் நிபந்தனை ஞாபகம் வந்து, மனிதர் கோப்பையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று திறந்தாள்.

மனிதர் கோப்பில், அட்டை மாற்றப் போன தன் படங்களைத் தவிர, ஒரே ஒரு படம். பாயாவின் நடுவில், முழங்கால் வரை சேற்றில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செல்வராணி நின்றாள். பக்கத்தில் மூன்று உப்புப் பொட்டலங்கள் காலியாக மிதந்தன. கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதைப் பார்த்துச் சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். நான்காம் வகுப்பு வரைபடத்தில் நின்ற அதே இடம், அதே கும்பிடு.

தேன்மொழி மேசையில் தலையை முட்டிக்கொண்டாள். நிஜமாகவே முட்டிக்கொண்டாள். ஆப்ரின் ஓடி வந்து படத்தைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தேன்மொழி போனை எடுத்தாள்.

“அக்கா! பாயாவுல உப்பு போட்டியா?”

“வந்துச்சா, வந்துச்சா?” செல்வராணியின் குரலில் அப்படியொரு சந்தோஷம். “நீ வரல வரலன்னு முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தியே, எனக்கு மனசு கேக்கல. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு எப்படிப் போனேன்னு அம்மனுக்குத்தான் தெரியும். ரெண்டு தரம் விழுந்தேன். படம் நல்லா இருக்கா?”

தேன்மொழி போனை வைத்துவிட்டாள். எத்தனை தடவை சொன்னேன்! எத்தனை தடவை! அந்த முட்டியோடு, வழுக்கும் சேற்றில், தனியாக. விழுந்து கிடந்திருந்தால் யார் போய்ப் பார்ப்பது? இதை நினைத்ததும் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

அப்போதுதான் படத்தின் ஓரத்தில் இருந்த தேதி கண்ணில் பட்டது. மார்ச் இரண்டு, காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். மிருகப் படங்களை மறுபடி திறந்தாள். தேதியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிப்ரவரி ஒன்பது. பிப்ரவரி பதினொன்று. குட்டி வந்தது பிப்ரவரி இருபது. அக்கா உப்போடு இறங்குவதற்கு முன்னால் பதினொன்று, அதன் பிறகு ஆறு.

“ஆற தூக்கிருவோம்,” என்றாள் தேன்மொழி. “பதினொன்னு நிக்கும் டாக்டர். உப்பே இல்லாம வந்தது பதினொன்னு.”

குழுக் கூட்டத்தில் கம்பெனி அதிகாரி அதே கேள்வியைத் தயாராக வைத்திருந்தார். “பாயாவுல உப்பு போடலன்னு எப்படி நம்பறது?”

“போட்டாங்க,” என்றாள் தேன்மொழி.

அக்காவைக் கேட்டு, அக்கா சந்தோஷமாகச் சம்மதம் கொடுத்த அந்தப் படத்தைத் திரையில் போட்டாள். கும்பிட்ட கையோடு செல்வராணி சுவர் முழுக்கச் சிரித்தாள். “இது எங்க அக்கா. நாலு மாசத்துல அந்த இடத்துக்குப் போன ஒரே வெளியாள். அதுக்கு முன்னாடி எங்க ஆளுங்களத் தவிர யாரும் போகல. நாங்க போன ஒவ்வொரு நாளும் குறிப்புல இருக்கு. உப்பு இறங்கின நாள், நேரம் படத்துலயே இருக்கு. அதுக்கப்புறம் வந்த ஆறையும் நாங்க கணக்குல சேர்க்கல. நீங்க பார்க்கறது அதுக்கு முன்னாடி வந்த பதினொன்னு.”

அதிகாரி திரையைப் பார்த்தார். திருட்டுத்தனமாக உப்பு போடுகிறவர் யாராவது கேமராவைப் பார்த்துக் கும்பிடுவாரா? குழுத் தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாயாவை விட்டுவைப்பது என்று மாலைக்குள் முடிவானது.

வாகன நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு தேன்மொழி அக்காவைக் கூப்பிட்டாள்.

“பாயா நின்னுருச்சுக்கா. உன் படத்தாலதான்.”

“நான்தான் சொன்னேனே! உப்பு போட்டா வரும்னு!”

“இல்லக்கா. நீ உப்பு போடறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. அதனாலதான்…” என்று தொடங்கி, தேதி, பதினொன்று, ஆறு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாள். மதிவாணன் வண்டியைக் கிளப்பிக் காத்திருந்தான். அக்கா உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் போகாட்டியும் வந்திருக்கும்,” என்றாள் கடைசியில், சற்றுச் சுருதி இறங்கி.

“வந்திருக்கும். ஆனா நம்பியிருக்க மாட்டாங்க.”

“எனக்கு ஒன்னும் புரியலடி,” என்றாள் செல்வராணி. “அந்தப் படத்த ஒன்னு பெருசா போட்டுக் குடு. அப்புறம், இந்த முட்டிக்கு ஏதாச்சும் தைலம் வாங்கிட்டு வா. வீங்கியே கெடக்கு.”

“ஞாயித்துக்கெழம வரேன்,” என்றாள் தேன்மொழி. “அதுவரைக்கும் எங்கயும் போகாம வீட்டுல கெட. உதவி ஒன்னும் பண்ணாத.”